முகத்துக்காக மட்டுமே கேட்டார்களாம்

பிரெஞ்சுப் பாடகி ஃபிரான்சுவாஸ் ஹார்டியின் முதல் இசைத்தொகுப்பைப் பற்றி நண்பர் ஒருவர் சொன்ன குறைகளுக்கு இது என் பதில்: முகத்துக்காகவே விற்றதாம், பின்னணி இசை மெலிந்ததாம், பாட்டு அழுமூஞ்சித்தனமாம், மொழி புரியாமல் அதைக் கேட்பது பகட்டாம். அத்தொகுப்பை, "முகம் அழகாக இருந்தது, பாட்டும் ஓடிவிட்டது" என்று ஒரே வரியில் தள்ளிவிட்ட நண்பர், அதை ஒருமுறையாவது முழுதாகக் கேட்டிருப்பாரா என்பதே என் ஐயம். கேட்பதற்கு அரை மணி நேரம்தான் ஆகும்.

1962இல் அது வெளிவந்தபோது ஹார்டிக்கு வயது 18. அமெரிக்கப் பாடல்களுக்குப் பிரெஞ்சுச் சொற்களைப் பொருத்திப் பாடுவதே அன்றைய இளம் பாடகர்களின் வழக்கமாக இருந்த காலத்தில், அத்தொகுப்பின் 12 பாடல்களில் 10 பாடல்களை எழுதியதில் அவருக்குப் பங்கு உண்டு. முகமா எழுதியது?

தொலைக்காட்சியில் முகம் தெரிந்த பிறகுதானே விற்றது என்பார்கள். உண்மைதான். 1962 அக்டோபர் 28 அன்று, குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது குறித்த வாக்கெடுப்பின் முடிவுக்கு நாடு காத்திருந்த இரவில், இடைவேளையில் அவர் பாடினார். அதே இரவில் அரசியல்வாதிகளின் முகங்களையும்தான் மக்கள் பார்த்திருப்பார்கள். அவர்களுடைய இசைத்தட்டை யாரும் தேடி ஓடியதாகத் தெரியவில்லை.

பின்னணி இசை மெலிந்தது என்ற குறையை மட்டும் ஏற்கிறேன். ஹார்டிக்கே அந்தப் பதிவுகளில் நிறைவு இருக்கவில்லை. பின்னர் லண்டனுக்குச் சென்று இசையமைப்பாளர் சார்லஸ் பிளாக்வெல்லுடன் பதிவு செய்தார். ஆனால் எனக்கு அந்த மெலிவே பிடித்திருக்கிறது. ஒரு கிதார், சற்றே தாளம், அருகில் அமர்ந்து தனக்குத்தானே பேசிக்கொள்வது போன்ற குரல். தன் வயதுப் பிள்ளைகளெல்லாம் இணை இணையாகத் தெருவில் நடக்க, தான் மட்டும் தனியே போகிறேன் என்று சொல்லும் பாட்டுக்கு முப்பது வயலின்கள் எதற்கு?

பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்த முதல் ஆண்டில் இந்தப் பாட்டைத்தான் அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் பிரித்துப் படித்தேன். விடுதியில் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வெளியே போன பின், மூடிய அறையில். பாதிச் சொற்கள் விளங்கவில்லை. பாட்டு விளங்கியது. "புரியாத மொழிப் பாட்டைக் கேட்பது பகட்டு" என்று அன்று ஒருவர் சிரித்தார். இப்போது வேறொருவர், மேலும் நாகரிகமான சொற்களில், அதையே சொல்கிறார்.

"ஒரு பாடகிக்காக ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: பாடகி 2024 ஜூன் மாதம் மறைந்துவிட்டார், இனி அவரை எதுவும் புண்படுத்தாது. பதினெட்டு வயதுப் பெண் தனிமையைப் பற்றித் தானே எழுதிப் பாடினால் அதை 'அழுமூஞ்சித்தனம்' என்பதும், அதையே தாடி வைத்த ஆண் பாடினால் 'கவிதை' என்பதும் எனக்குத்தான் உறைக்கிறது. தாடி இல்லாத அமெரிக்கப் பாடகர் பாப் டிலனே 1964இல் தன் தொகுப்பின் உறையில் ஹார்டிக்கு ஒரு கவிதையை அச்சிட்டார். அவரும் பகட்டுக்காரர்தான் போலும்.

நண்பரே, நீங்கள் இரவல் கேட்ட இசைத்தட்டு என்னிடமே இருக்கட்டும். உறையைப் படம் எடுத்து அனுப்புகிறேன். உங்களுக்கு முகம் போதுமல்லவா.