சுவரில் எனக்கும் ஓர் ஆணி

'அனுமதி இலவசம், அனைவரும் வருக' என்று போட்டால் போதும், ஓவியக் கண்காட்சியோ போட்டோகிராபி பட்டறையோ, போய் நின்றுவிடுவேன். இத்தனை வருடம் பார்த்ததை வைத்துக் கொஞ்சம் காட்டமாகவே சொல்கிறேன். அந்த 'அனைவரும்' வாசலோடு சரி. உள்ளே வரலாம், பார்க்கலாம், வருகைப் பதிவேட்டில் 'அருமை' என்று எழுதலாம், ஆனால் நம் படம் ஒன்றுக்கு அந்தச் சுவரில் ஓர் ஆணி கிடைக்காது.

கடைசியாகப் போன பட்டறையில் முப்பது பேர் இருந்திருப்போம். இரண்டு பேரிடம்தான் கேமரா, மற்ற எல்லோர் கையிலும் போன். நடத்தியவர் நல்ல போட்டோகிராபர், அதில் சந்தேகமில்லை. ஆனால் படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை முடிவுசெய்யும் அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் ஸ்பீட், ஐஎஸ்ஓ என்று போர்டில் முக்கோணம் வரைந்தே முதல் இரண்டு மணி நேரத்தை ஓட்டிவிட்டார். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை மாற்றவே முடியாது, லென்ஸோடு சேர்ந்து நிலையாக வந்துவிடுகிறது. எஃப் 2.8, எஃப் 8 என்று அப்பர்ச்சர் அளவுகள் எல்லாவற்றையும் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டிருந்த ஓர் அக்கா என் பக்கம் திரும்பி, "இது என் போன்ல எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. இடைவேளைக்குப் பிறகு அவரைக் காணோம்.

ஜன்னல் ஓரம் ஒருவரை நிறுத்தி, முகத்தை மெல்லத் திருப்பச் சொல்லி, நிழல் எங்கே விழுகிறது என்று காட்டியிருந்தால் பத்தே நிமிடம். திரையில் முகத்தைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் வருகிறதே, அதை இழுத்தால் வெளிச்சம் கூடும், குறையும். இதைச் சொல்லியிருந்தாலே அந்த அக்கா சாயங்காலம் வரை இருந்திருப்பார். ஏன், போனே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த சயனோடைப் முறையில் மருந்து தடவிய தாளின் மேல் ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீலத்தில் வெள்ளையாக இலை நிற்கும். அடுத்த வருடமே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதிவெடுக்க ஆரம்பித்துவிட்டார். கேமரா கிடையாது, லென்ஸ் கிடையாது.

சரி, நான் சொல்ல வந்தது பிரிண்ட் பற்றி.

முன்பு ஒருமுறை ஒரு சின்னக் குழு நடத்திய பட்டறையில் கடைசி நாள் ஆளுக்கு ஒரு படம் பிரிண்ட் போட்டு மாட்டினோம். ஒருவர் மொட்டை மாடியில் துணி காய்வதை எடுத்திருந்தார். போனில் பார்த்தபோது அது வெறும் கொடியும் துணியும்தான். பிரிண்ட் வந்ததும் அவரே குனிந்து பார்த்துவிட்டு, "அட, இது யார் கை?" என்றார். இரண்டு துணிகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் கை, ஐந்து விரலையும் விரித்தபடி. எடுத்தவருக்கே தெரியாது! எடுக்கும்போது கண்ணில் படாதவை பின்னால் படத்தில் தெரியவருவதுதான் இந்தக் கலையின் அழகுகளில் ஒன்று என்று, போட்டோகிராபி பிறந்து சில வருடங்களே ஆகியிருந்த 1840-களிலேயே அதன் முன்னோடிகளில் ஒருவரான டால்பட் எழுதிவைத்திருக்கிறார். விரலால் தள்ளிக்கொண்டே போகும் திரையில் அது நடப்பது அபூர்வம். காகிதத்தில், சுவரில், நின்று பார்த்தால்தான் நடக்கிறது.

"போன் படம் பெரிசா போட்டா உடைஞ்சிடும் சார்" என்பார்கள். 12 மெகாபிக்சல் படம் 4000-க்கு 3000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டாலும் 13-க்கு 10 அங்குலம் தாராளமாக வரும். படம் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் போன் இல்லை, வாட்ஸ்அப். அது அனுப்பும்போதே நசுக்கிவிடுகிறது.

அப்புறம் நேரம். வேலை நாளில் பகல் பதினொன்று முதல் ஐந்து வரை திறந்துவைத்துவிட்டு, கூட்டமே வரவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். வேலைக்குப் போகிறவர் எப்போது வருவார்? 1874-இல் மோனே, தெகா, ரென்வார் போன்ற ஓவியர்கள் எல்லாம் சேர்ந்து அரசுக் கண்காட்சியின் தேர்வுக்குழுவே வேண்டாமென்று பாரீஸில் தனியாகக் கண்காட்சி வைத்தார்கள். இடம், நாதார் என்ற போட்டோகிராபர் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த கட்டிடம். பகலில் திறந்தது போக, இரவு எட்டு முதல் பத்து வரை மறுபடி திறந்தார்கள். 150 வருடத்துக்கு முன்னால் அவர்களுக்குத் தோன்றியது நமக்கு ஏனோ தோன்றுவதில்லை.

மாட்டும் உயரமும் அப்படித்தான். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும் என்பது பொதுவான வழக்கம். நின்று பார்க்கும் பெரியவருக்குச் சரி. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் படத்தின் கண்ணாடியில் ட்யூப்லைட்தான் தெரியும். ஒரு வரிசையைத் தாழ்த்தி மாட்டினால் என்ன குறைந்துவிடும்? படத்துக்குக் கீழே ஒட்டும் குறிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், 'காலத்தின் மௌன விளிம்பில் இருத்தலின் சிதறல்' என்று இருக்கும். படத்தில் ஒரு சைக்கிள் நிற்கும்.

இப்படிப் பேசினால் உடனே வரும் கேள்வி, 'அப்போ தரம்?' நியாயமான கேள்விதான். வருஷக்கணக்கில் உழைத்த ஓவியரின் பக்கத்தில் நேற்றுப் படம் எடுக்கக் கற்றவரின் படத்தை மாட்டினால் அந்த ஓவியருக்குக் கோபம் வரலாம். தேர்ந்தெடுத்த படங்களுக்கு மூன்று சுவர் இருக்கட்டும், நாலாவது சுவரைப் பட்டறைக்கு வந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். தன் படம் தொங்குகிறதென்றால் ஒருவர் வீட்டையே திரட்டிக்கொண்டு வருவார், வந்த வீடு மற்ற மூன்று சுவரையும் பார்க்காமலா போகும்? அந்த மொட்டை மாடிக்காரர் பதினோரு பேரைக் கூட்டி வந்தார். நான் எண்ணினேன்.

அடுத்த மாதம் நண்பர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து அப்படி ஒரு சுவர் பிடித்திருக்கிறோம். தேர்வுக்குழு கிடையாது, ஆளுக்கு ஒரு படம், சாயங்காலம் ஆறுக்கு மேல்தான் திறப்போம். படம் அனுப்ப நினைப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் எண் தருகிறேன். தயவுசெய்து டாக்குமெண்டாக அனுப்புங்கள்.