தண்ணீர் டம்ளர் தேனின் தரத்தைச் சொல்லாது

"விலை உயர்ந்த தேன் தண்ணீரில் கரையாமல் நூலாக அடியில் இறங்கும், ஒருபோதும் உறையாது, அதுதான் சுத்தம்" என்ற செய்தி பரவுகிறது. இரண்டுமே தவறு. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகை டம்ளரில் விட்டுப் பாருங்கள். அதுவும் அப்படியே நூலாக இறங்கிப் படியும். காரணம் அடர்த்தி, தூய்மை அல்ல.

குளுக்கோஸ் மிகுந்த நல்ல தேன் சில வாரங்களிலேயே மணல்போல் உறைந்துவிடும். கலப்படம் என்று நினைத்து அதைக் கொட்டுகிறார்களே, மனம் பொறுக்கவில்லை. புட்டியை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், இளகும்.

ஒரே வகைப் பூவிலிருந்து வரும் தேனின் மணமும் சுவையும் பிடித்திருந்தால் கூடுதல் விலை தரலாம். மருந்தென்று நம்பித் தராதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கோ எந்த விலைத் தேனும் கூடாது. பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியா வித்துகள் அதில் இருக்கலாம்.