ஒரு பிரவுன் போனார், இன்னொரு பிரவுன் வந்தார்

டென்வர் நகெட்ஸ் கூடைப்பந்து அணியில் ஆடிய இந்த இருவரின் குடும்பப் பெயரையும் தமிழில் எழுதினால் ஒரே மாதிரிதான் வரும். புரூஸ் பிரவுன், கிறிஸ்டியன் பிரவுன். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று. அதனால் இந்தப் பதிவு முழுக்க முதல் பெயரிலேயே சொல்கிறேன்.

2023ல் டென்வர் நகெட்ஸ் தன் முதல் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) கோப்பையை வாங்கியபோது இரண்டு பேருமே பெஞ்சிலிருந்து மாற்று ஆட்களாக இறங்கியவர்கள். அந்தக் கோடையிலேயே புரூஸ் இண்டியானா அணிக்குப் போனார், அவர் ஆடிய நிமிடங்களில் ஒரு பகுதி கிறிஸ்டியனுக்கு வந்தது. பிறகு ரசிகர்களிடம் ஆரம்பித்தது இந்தக் கணக்கு: "புரூஸ் ஆட்டத்துக்கு 11.5 புள்ளி எடுத்தார், இந்தப் பையன் 7.3தானே எடுக்கிறான்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. இது கிறிஸ்டியனுக்கு அநியாயம். புரூஸுக்கு அதைவிட அநியாயம், ஏனென்றால் அவர் செய்த வேலை என்ன என்பதையே இந்தக் கணக்கு மறைத்துவிடுகிறது.

புரூஸ் ஆறடி நாலு அங்குலம். முன்பு ஆடிய புரூக்ளின் அணியில் அவரை ஏறக்குறைய சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்) மாதிரி பயன்படுத்தினார்கள். ஸ்கிரீன் வைப்பார் (பந்து வைத்திருப்பவரைத் துரத்தும் ஆளை மறித்து நிற்பார்), அங்கிருந்து கூடையை நோக்கி உள்ளே ஓடுவார், நடுவில் பந்து கிடைத்தால் மெதுவாக உயரத் தூக்கிப் போடும் ஒரு ஃப்ளோட்டர். அதே ஆளை டென்வர் கூட்டிவந்து, முதன்மை கார்டு ஜமால் மர்ரே ஓய்வெடுக்கும் நேரத்தில் பந்தை முன்னால் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற கார்டாக ஆக்கியது. எதிரணியின் நல்ல கார்டைப் பிடிப்பதும் அவர்தான், டீமின் நட்சத்திர சென்டர் யோகிச் ஸ்கிரீன் வைக்க, அவரோடு சேர்ந்து பிக் அண்ட் ரோல் ஆடுவதும் அவர்தான்.

மியாமியில் நடந்த 2023 ஃபைனல்ஸ் (கோப்பைக்கான இறுதித் தொடர்) நாலாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் குவார்ட்டரின் ஆரம்பத்திலேயே யோகிச் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே உட்கார்ந்துவிட்டார். டென்வர் ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்கிய நிமிடங்கள் அவை. மர்ரே மேல் இரண்டு பேர் பாய்கிறார்கள், பந்து புரூஸ் கைக்கு வருகிறது. அவர் தயங்கவே இல்லை. மொத்தம் 21 புள்ளி, அதில் 11 அந்தக் கடைசிக் குவார்ட்டரில். முடிவில் ஒரு ஸ்டெப் பேக் (பின்னால் அடி எடுத்து வைத்துப் போடும்) மூன்று புள்ளி ஷாட்டும் போட்டார்.

கோப்பை உறுதியான ஐந்தாவது ஆட்டத்திலும் அவர்தான். ஒன்றரை நிமிடம் மிச்சம், டென்வர் ஒரு புள்ளி பின்னால். மர்ரேயின் ஷாட் தவறுகிறது. தன்னைவிட உயரமானவர்கள் நிற்கிற இடத்தில் புரூஸ் புகுந்து பந்தை எடுத்து அப்படியே உள்ளே போடுகிறார். 90-89. அதற்குப் பிறகு டென்வர் பின்தங்கவே இல்லை. அந்த ரீபவுண்டை எத்தனை தடவை திருப்பிப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

இப்போது கிறிஸ்டியன். அதே ஃபைனல்ஸின் மூன்றாவது ஆட்டத்தில் முதல் வருடப் பையனாக இறங்கி 15 புள்ளி எடுத்தார், எட்டு ஷாட்டில் ஏழு உள்ளே. அந்த ஏழும் எப்படி வந்தன என்று பாருங்கள். டிஃபென்ஸ் கண்ணயர்ந்த நொடியில் கூடைக்கு வெட்டி ஓடுவது, பாஸைப் பறித்துத் தனியே ஓடி டங்க் போடுவது. பந்தைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கும் வேலை அதில் கிட்டத்தட்ட இல்லை. அவர் பலமே பந்து இல்லாமல் ஓடுவதில் இருக்கிறது. புரூஸின் பலம் மற்றவர்கள் மாட்டிக்கொண்டபோது பந்தை வாங்கிக்கொள்வது. இந்த இரண்டையும் ஒரே தராசில் எப்படி வைப்பது?

புரூஸ் போனதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். டென்வரில் ஒரே ஒரு சீசன்தான் ஆடியிருந்தார், டீமோ சம்பள வரம்பைத் தாண்டி நின்றது. அதனால் விதிப்படி பழைய சம்பளத்துக்கு மேல் 20 சதவீதம், அதாவது ஏறக்குறைய 78 லட்சம் டாலர்தான் தர முடியும். இண்டியானா நீட்டியது இரண்டு வருடத்துக்கு 4.5 கோடி டாலர். டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 42ஆவது ஆளாக வந்தவர் அதை வேண்டாம் என்று சொல்லியிருக்கவே கூடாது.

என் குறை அதற்குப் பிறகு நடந்ததில்தான். ஒரே ஆள் செய்த வேலையை டென்வர் பிரித்துக் கொடுத்தது. பந்தைக் கொண்டுபோக 33 வயது ரெஜி ஜாக்சன், டிஃபென்ஸுக்கும் ஓட்டத்துக்கும் கிறிஸ்டியனும் பெய்டன் வாட்சனும். ரெகுலர் சீசனில் இது ஓடியது, 57 வெற்றி. பிளேஆஃபில் (கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றுகள்) எதிரணியாக மினசோட்டா வந்தது. 2024 மே, இரண்டாவது ஆட்டம், டென்வர் மைதானம். அவர்களின் டிஃபென்ஸ் தூண் ரூடி கோபேர் அன்று ஆடவே இல்லை. ஆனாலும் மினசோட்டாவின் எட்வர்ட்ஸ், மெக்டேனியல்ஸ், அலெக்ஸாண்டர் வாக்கர் மூவரும் மைதானத்தின் பாதிக் கோட்டுக்கு முன்பே வந்து டென்வர் கார்டுகளின் மேல் ஒட்டிக்கொண்டார்கள். கெண்டைக்கால் வலியோடு ஆடிய மர்ரே பந்தை அந்தப் பக்கம் கொண்டுபோகவே திணறினார். 106-80 என்று தோல்வி. மூன்றாவது ஆட்டத்திலிருந்து கோச் மலோன் பந்தை மேலே கொண்டுவரும் வேலையை ஆரோன் கார்டனிடமும் கொடுத்தார். வழக்கமாகக் கூடைக்கு அருகில் ஆடும் ஒரு ஃபார்வர்டு அந்த வேலைக்கு வர வேண்டியிருந்தது என்றால், காலியாக இருந்த இடம் எது என்று தெரிகிறதல்லவா?

அந்தத் தொடரின் ஏழாவது ஆட்டம் இன்னும் வலிக்கிறது. சொந்த மைதானத்தில் 20 புள்ளி முன்னால் இருந்து 98-90 என்று தோற்றார்கள். அந்த 90ல் மர்ரே 35, யோகிச் 34. மற்ற எல்லோரும் சேர்ந்து 21. இதற்குப் பழியைக் கொண்டுபோய் 23 வயதுப் பையன் தலையில் கட்டினார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவரிடம் கேட்கப்பட்ட வேலை வேறு, அங்கே குறைந்த வேலை வேறு.

அடுத்த சீசனில், முதல் ஐவரில் ஆடிய கால்ட்வெல் போப் ஒர்லாண்டோவுக்குப் போனதும் கிறிஸ்டியன் ஸ்டார்ட்டர் ஆனார். யோகிச் ரீபவுண்ட் எடுத்துத் திரும்புவதற்குள் இவர் எதிர்க் கூடையை நோக்கிப் பாதி தூரம் ஓடியிருப்பார், நீளமான பாஸ் நேராகக் கையில் வந்து விழும். ஆட்டத்துக்கு 15.4 புள்ளி, போட்ட ஷாட்களில் 58 சதவீதம் உள்ளே. அவருக்குப் பொருத்தமான இடம் பெஞ்சில் புரூஸ் விட்டுப்போனது கிடையாது. யோகிச்சுக்குப் பக்கத்தில் இருந்தது. 2025 அக்டோபரில் ஐந்து வருடத்துக்கு 12.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அதே வருடக் கோடையில் இன்னொன்றும் நடந்தது. இண்டியானா, டொராண்டோ, நியூ ஆர்லியன்ஸ் என்று சுற்றிய புரூஸ் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு டென்வருக்கே திரும்பி வந்தார். அந்தச் செய்தியைப் படித்ததும் நான் போட்டுப் பார்த்தது மியாமி ஆட்டத்தின் கடைசிக் குவார்ட்டரைத்தான். புரூஸ் பந்தைக் கொண்டுவர, கிறிஸ்டியன் ஓரத்திலிருந்து கூடைக்கு வெட்டி ஓடுகிற காட்சியை மனசுக்குள் அதோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தேன்.