டிசம்பரில் வந்தால் அப்படித்தான்

அமெரிக்கப் பாடகி சிஸாவின் (SZA) ‘எஸ்ஓஎஸ்’ ஆல்பம் 2022-இன் ஆண்டு இறுதிப் பட்டியல்கள் பலவற்றில் இல்லை, அதனால் விமர்சகர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று ஒருவர் சொல்கிறார். தவறு. அது வெளிவந்ததே டிசம்பர் 9-இல். பல இதழ்கள் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ பட்டியலைப் போட்டுவிடும். கேட்காத ஆல்பத்துக்கு எப்படி இடம் கொடுப்பார்கள்? அப்புறம், அமெரிக்க ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200-இல் முதல் சில மாதங்களிலேயே அது 10 வாரம் முதலிடத்தில் இருந்தது; 2024 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதுக்கும் போட்டியிட்டது. (விருது டெய்லர் ஸ்விஃப்டுக்குப் போனது. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.)

டிசம்பர் ஆல்பம் அடுத்த ஆண்டின் கணக்கில் போவது புதிதும் அல்ல. தி கிளாஷ் இசைக்குழுவின் ‘லண்டன் காலிங்’ ஆல்பம் பிரிட்டனில் 1979 டிசம்பரில் வந்தது. அமெரிக்க இதழான ரோலிங் ஸ்டோன் அதையே எண்பதுகளின் சிறந்த ஆல்பம் என்றது! ஏனென்றால் அமெரிக்காவில் அது 1980 ஜனவரியில்தான் கடைக்கு வந்தது.