அது சின்னப்புள்ளைக் கதை இல்ல

ரிட்டயர் ஆன எங்க காலேஜ் இங்கிலீஷ் சாருக்கு சனிக்கிழமை நடந்த பாராட்டு விழால என்ன நடந்துச்சுன்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேரு வீடியோ பாத்துருப்பீங்க. பேசுனவரு பேரை நான் எழுதப் போறதில்ல, கமெண்ட்லயும் யாரும் எழுதாதீங்க. ஆனா அந்த ஒரு வரி மூணு நாளா என்னைத் தூங்க விடல. "நம்ம சாருக்கு மட்டும் வயசே ஆகல, ஏன்னா ரிட்டயர் ஆகுற வரைக்கும் சின்னப்புள்ளைக் கதையத்தான படிச்சுக்கிட்டு இருந்தாவ"ன்னு மைக்ல சொன்னாரு. மண்டபமே சிரிச்சுது. சாரும் சிரிச்சாங்க. நான் மூணாவது வரிசைல இருந்தேன், சிரிச்சுக்கிட்டே கண்ணாடியக் கழட்டி வேட்டி நுனியால தொடச்சாங்க. மனசு கஷ்டப்பட்டா அவங்க அதத்தான் செய்வாங்கன்னு அவங்ககிட்ட படிச்ச அத்தன பேருக்கும் தெரியும்.

அவரு அப்பிடிச் சொன்னது சார் படிச்ச, நடத்துன, எழுதுன அறிவியல் புனைகதைங்கள. அது சின்னப்புள்ளைக் கதை இல்ல. இத எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுவேன்.

எம்.ஏ. முதல் வருஷம் நான் சேரும்போது எனக்கு இங்கிலீஷ்ல நாலு வாக்கியம் சேந்தாப்ல பேச வராது. ஆலங்குளம் பக்கத்துல கிராமம், அம்மா பீடி சுத்துறவங்க. காலைல இலை வெட்ட உக்காந்தா ராத்திரி கட்டு கட்டி முடிக்கிற வரைக்கும் மடில சுளவுதான். ஆயிரம் பீடி கொண்டு போனா கடைல நூறு பீடிய சரியில்லன்னு கழிச்சுப் போடுவாங்க, கழிச்ச பீடிக்குக் கூலி கிடையாது, ஆனா அந்த பீடி திரும்பியும் வராது. அது எங்க போச்சுன்னு அம்மா கேட்டதே இல்ல. நானும் கேட்டதில்ல.

சார் எனக்குக் குடுத்த முதல் புத்தகம் இங்கிலாந்து எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸோட டைம் மெஷின் நாவல். 1895ல வந்தது. ஒருத்தன் 8,02,701ம் வருஷத்துக்குப் போறான், அங்க மனுஷ குலமே ரெண்டா பிரிஞ்சு கிடக்கு, மேல வெளிச்சத்துல ஒரு வேலையும் செய்யாம அழகா திரியுற கூட்டம், கீழ இருட்டுக்குள்ள மெஷின் ஓட்டுற கூட்டம். படிச்சு முடிச்சுட்டுப் போய் நின்னேன். சார் கதையப் பத்தி ஒண்ணுமே கேக்கல. "உங்க வீட்டுல கீழ இருக்கது யாரும்மா?"ன்னு மட்டும் கேட்டாங்க. என்னால பதில் சொல்ல முடியல, அழுதுட்டேன். அப்புறந்தான் சொன்னாங்க, வெல்ஸோட அம்மா ஒரு பெரிய பங்களால வேலைக்காரங்களுக்குத் தலைமையா இருந்தவங்க, அங்க வேலைக்காரங்க புழங்குனது தரைக்குக் கீழ, சமையக்கட்டுக்குப் போறதுக்குக் கூட சுரங்கப் பாதைதான், அந்தப் பையன் அதப் பாத்து வளந்தவன்னு. அன்னைக்கு ராத்திரி அம்மா பீடி சுத்தச் சுத்த அந்தக் கதைய நான் தமிழ்ல சொன்னேன். முழுசும் கேட்டுட்டு "ஏட்டி, இது நம்ம கதைல்லா"ன்னாங்க. பள்ளிக்கூடமே போகாத பொம்பளைக்குப் புரிஞ்சது, மேடைல மால போட்டுக்கிட்டு உக்காந்துருந்தவருக்குப் புரியல.

"மேடம், அவரு சும்மா ஜோக்குக்குத்தான் சொன்னாரு"ன்னு இன்பாக்ஸ்ல வந்த பத்துப் பேருக்கும் சேத்து இங்கயே சொல்லிடுதேன். ஜோக்குதான். அந்த ஜோக்க ஸ்டாஃப் ரூம்ல சார் கேக்காத நாள் உண்டா? பிஹெச்டிக்கு வெல்ஸ எடுக்கப் போனப்ப "இதெல்லாம் ஒரு டாபிக்காய்யா, மில்டன எடும்"னு ஒரு கமிட்டில திருப்பி அனுப்புனாங்க, ரெண்டு வருஷம் வீணாப் போச்சு. அந்த ரெண்டு வருஷத்தால பதவி உயர்வும் தள்ளிப் போச்சு. அது ஜோக் இல்லல்ல?

"ஷேக்ஸ்பியர விட்டுட்டு இதப் போய்"ன்னு ஒருத்தர். சார் எதையும் விடல. ஷேக்ஸ்பியரும் நடத்துனாங்க, மில்டனும் நடத்துனாங்க, நான் நோட்ஸ் இன்னும் வச்சிருக்கேன். இதுக்கு மேல இதுக்குப் பதில் கிடையாது.

"இது வெள்ளக்காரன் சமாச்சாரம், நம்ம மண்ணுக்கு ஒட்டாது"ன்னு சொல்லுறவங்களுக்குத்தான் நான் நின்னு பேசணும். அபிஷேகப்பட்டில இருக்க நம்ம யுனிவர்சிட்டிக்கு யாரு பேரு? மனோன்மணீயம் சுந்தரனார். 1891ல அவரு எழுதுன மனோன்மணீயத்துக்கு மூலக்கதை யாரோடது? இங்கிலாந்து எழுத்தாளர் லிட்டன் பிரபுவோடது. தினம் ஸ்கூல்ல நம்ம புள்ளைங்க பாடுற தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்துலருந்து வந்தது. அதே லிட்டன்தான் 1871ல பூமிக்குக் கீழ ஒரு பெரிய சக்திய வச்சுக்கிட்டு வாழுற ஒரு இனத்தப் பத்தி நாவல் எழுதுனவரு. அது அறிவியல் புனைகதை இல்லாம வேற என்ன? 1818ல வந்த பிராங்கன்ஸ்டைன், மேரி ஷெல்லி எழுத ஆரம்பிச்சப்ப அவங்களுக்குப் பதினெட்டு வயசு, அதத் தமிழுக்கு 'பிரேத மனிதன்'னு கொண்டு வந்தது யாரு? நம்ம புதுமைப்பித்தன். இதே திருநெல்வேலி இந்து காலேஜ்ல படிச்ச மனுஷன். அவரு சின்னப்புள்ளைக்கா எழுதுனாரு? உயிர உண்டாக்கிட்டு அதக் கைவிட்டு ஓடுறவன் கதைங்க அது. "பெத்தவன் கைவிட்ட புள்ள கெட்டுப் போனா குத்தம் யாரு மேல?"ன்னு சார் ஒரு வாரம் முழுக்க அந்த ஒரே கேள்விய வச்சு கிளாஸ் எடுத்தாங்க.

வங்காளத்து எழுத்தாளர் ரொக்கேயா ஹுசைன் 'சுல்தானாவின் கனவு' எழுதி 1905ல வெளிவந்தது எங்க தெரியுமா, மெட்ராஸ்ல, ஒரு பொம்பளைங்க பத்திரிகைல. சூரிய வெப்பத்தப் புடிச்சு சமையல் பண்ணுறதும், மேகத்துலருந்து தண்ணி எடுக்குறதும், ஆம்பளைங்க வீட்டுக்குள்ள இருக்க பொம்பளைங்க ஊர ஆளுறதும் அதுல இருக்கு. 1905ல! அப்புறம் நம்ம மண்ணையே பாருங்க. மகேந்திரகிரில ராக்கெட் எஞ்சின் சோதிக்காங்க, கூடங்குளத்துல அணு உலை நிக்குது, குலசேகரன்பட்டினத்துல ஏவுதளத்துக்கு 2024ல அடிக்கல் நாட்டியாச்சு. ஒரு பக்கம் பீடி இலை, இன்னொரு பக்கம் அணு உலை. இந்தக் கதைகளப் படிக்கிறதுக்கு இதவிடப் பொருத்தமான ஊரு வேற எது இருக்கு?

அமெரிக்கால ஜேக் வில்லியம்சன்னு ஒருத்தர், ஏழு வயசுல கூண்டு வண்டில நியூ மெக்சிகோவுக்குக் குடும்பத்தோட வந்தவரு. 1928லயே அறிவியல் கதை எழுத ஆரம்பிச்சவரு, ரொம்பப் பிந்தி 1964ல வெல்ஸப் பத்தித்தான் டாக்டர் பட்டமே வாங்குனாரு, அங்கயே ஒரு சின்ன ஊரு யுனிவர்சிட்டில இங்கிலீஷ் வாத்தியாராவும் இருந்தாரு. வேத்துக் கிரகத்த மனுஷன் வாழுற மாதிரி மாத்துறதுக்கு இன்னைக்கு சயின்டிஸ்டுங்க சொல்லுற டெராஃபார்மிங்ங்கிற வார்த்தையே 1942ல அவரு கதைலருந்து வந்ததுதான். ஜேம்ஸ் கன்னும் அப்பிடித்தான், கன்சாஸ் யுனிவர்சிட்டில இங்கிலீஷ் புரொபசர், அறிவியல் கதைக்குன்னு தனி ஆராய்ச்சி மையமே தொடங்குனாரு, 2020ல 97 வயசுல இறந்தாரு. அவங்கள அங்க கொண்டாடுனாங்க. நம்மாள நாம மைக்க வச்சு சிரிக்கோம்.

சார் எழுதுன கதைங்க எல்லாமே பிரமாதம்னு நான் சொல்ல வரல. சிலது பாடம் நடத்துற மாதிரியே இருக்கும், அவங்ககிட்ட நேர்ல சொல்லிருக்கேன், ஒத்துக்கிட்டாங்க. ஆனா தாமிரபரணித் தண்ணிய ரேஷன் கார்டுல வாங்குற காலத்துல, ஆறு ஓடுற சத்தம் எப்பிடி இருக்கும்னு கேக்குற பேத்திக்கு, வாயாலயே அந்தச் சத்தத்தப் போட்டுக் காட்டப் பாத்து முடியாமப் போற ஆச்சி கதை ஒண்ணு இருக்கு பாருங்க, அத எங்க பதினொண்ணாம் கிளாஸ் புள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டுனப்ப கிளாஸ்ல ஒரு சத்தம் இல்ல.

2023 டிசம்பர் வெள்ளத்துல வண்ணார்பேட்டைல அவங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. முப்பது வருஷமாச் சேத்த புத்தகம், கைப்பிரதி எல்லாம் ஊறிப் போச்சு. நாங்க ஏழு பேரு போனோம். மொட்டை மாடில ஒவ்வொரு தாளாப் பிரிச்சு, பறக்காம இருக்க மேல கல்லு வச்சுக் காயப் போட்டோம். நாலு நாள். சார் தரைல உக்காந்து மை கரைஞ்ச தாள எடுத்து, போன வார்த்தைய ஞாபகத்துலருந்து பென்சில்ல எழுதிக்கிட்டே இருந்தாங்க. சனிக்கிழமை சிரிச்சவங்கள்ல ஒருத்தரையும் நான் அந்த மாடில பாக்கல. இதச் சொல்லக் கூடாதுன்னுதான் மூணு நாளா நெனச்சேன், சொல்லிட்டேன், இருக்கட்டும்.

அன்னைக்கு மைக் என் கைக்கும் வந்துச்சு. மாணவர்கள் சார்பா ரெண்டு வார்த்தைன்னாங்க. நான் நன்றி சொல்லிட்டு உக்காந்துட்டேன், தொண்டை அடைச்சுட்டு, வேற வரல. அதுதான் இப்ப இவ்வளவு நீளமா வருது.

நேத்து சார் போன் பண்ணாங்க. விழாவப் பத்திப் பேச்சே எடுக்கல. எனக்குக் குடுத்த அந்த டைம் மெஷின் இன்னும் இருக்கா, நாங்குநேரிலருந்து ஒரு பையன் வீட்டுக்கு வாரான், பஸ்ட் இயர், இங்கிலீஷ்னா பயப்படுதான், அவனுக்கு வேணும்னு கேட்டாங்க. அட்டை கிழிஞ்சிருக்கு, பீடித்தூள் வாசம் இன்னும் அடிக்குது. பிரவுன் பேப்பர் போட்டு வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை கொண்டு போறேன்.