சயாமுக்குப் போன பெரிய தாத்தாவும் புலனத்தில் வந்த குண்டும்

போன வாரம் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு காணொளி வந்தது. காசாவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது, அடுத்த நொடி புழுதியாகிறது. அதற்குக் கீழே வரிசையாக மூன்று சிரிக்கும் முகங்கள். அனுப்பிய தம்பியை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிச் சீருடையோடு என் மளிகைக் கடைக்கு வந்து ஐஸ் வாங்கித் தின்று வளர்ந்த பிள்ளை. இப்போது செம்பனை (பாமாயில்) ஆலையில் வேலை செய்கிறான். கோயில் திருவிழா என்றால் பந்தல் போடுவதற்கு முதல் ஆளாக வந்து நிற்பான்.

மறுநாள் முட்டை வாங்க வந்தபோது கேட்டேன்.

"ஏன் தம்பி, அந்தக் கட்டடத்துல பிள்ளைங்க இருந்திருக்குமே?"

"அக்கா, முள்ளிவாய்க்கால்ல நம்ம பிள்ளைங்க செத்தப்போ இவங்க யாராவது அழுதாங்களா? இப்ப நாம மட்டும் ஏன் அழணும்?"

பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். பதில் சொல்ல நேரம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி அன்று முழுக்க என்னை விடவில்லை. அவனுக்கும், அவனைப் போலவே நினைத்துக்கொண்டு வெளியில் சொல்லாமல் இருக்கிற பலருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவனுடைய கோபம் பொய்யான கோபம் இல்லை. ஈழப் போர் முடிந்தது 2009 மே 18. அதன் கடைசி மாதங்களில் மட்டும் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. தலைமைச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. போர் முடிந்து ஒன்பதாவது நாள், மே 27 அன்று, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றம் கூடியது. இலங்கை அரசைப் பாராட்டும் தொனியில் ஒரு தீர்மானம் வந்தது. சுதந்திரமான விசாரணை வேண்டும் என்ற பேச்சே அதில் இல்லை. 29 நாடுகள் ஆதரித்தன, 12 நாடுகள் எதிர்த்தன, 6 நாடுகள் ஒதுங்கி நின்றன.

ஆதரித்த 29 நாடுகளில் மலேசியாவும் இருந்தது. இந்தியாவும் இருந்தது. கியூபா, சீனா, ரஷ்யா, பாகிஸ்தான் எல்லாம் இருந்தன. காசாவுக்காக 2023 டிசம்பரில் அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் போட்ட தென்னாப்பிரிக்காவும் அந்த 29-ல் ஒன்று. இதை முதல்முறை படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் அப்பா அம்மாக்கள் வரி கட்டிய நாடு, நம் சொந்த நாடு, அந்தக் கையைத் தூக்கியிருக்கிறது.

ஆகவே தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. நான் சண்டை போடுவது இரண்டாவது பாதியோடுதான். "அதனால் நானும் சிரிப்பேன்" என்கிறானே, அந்த இடத்தில்.

எங்கள் அப்பா கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியவர். பாலை வாளியில் கொண்டுவந்து ஸ்டோரில் நிறுக்கும்போது, ஆளுக்கு ஒரு மாதிரி நிறுவை இருக்கும் என்று சொல்வார். வேண்டியவனுக்கு முள் ஒரு பக்கம் நிற்கும், வேண்டாதவனுக்கு இன்னொரு பக்கம். கேட்டால் பாலில் தண்ணீர் இருக்கிறது என்பார்கள். எங்கள் ஆட்கள் அதை எதிர்த்துப் போராடியபோது, எங்களுக்கும் கள்ளத் தராசு ஒன்று கொடுங்கள் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே தராசு வை என்றுதான் கேட்டார்கள். உலக விவகாரத்திலும் நாம் கேட்க வேண்டியது அது ஒன்றைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

என் பக்கத்துக் கடை மலாய்த் தோழியிடமும் இதையே சொன்னேன். அவள் காசாவுக்காக நோன்பு மாதத்தில் பணம் திரட்டினாள், நானும் கொடுத்தேன். உக்ரைன் என்று ஆரம்பித்தால், அது வெள்ளைக்காரன் சண்டை, நமக்கென்ன என்கிறாள். எம்.எச்.17-ஐ ஞாபகப்படுத்தினேன். 2014 ஜூலை 17. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த நம் விமானம். 298 பேர், அதில் 43 பேர் மலேசியர். கிழக்கு உக்ரைன் வானத்தில் ஒரு புக் ஏவுகணை அடித்து வீழ்த்தியது. அந்தச் சண்டைக்கும் அந்த விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்த ஆண்டு, 2015 ஜூலை 29 அன்று, ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் நம் மலேசியாவே ஒரு தீர்மானம் கொண்டுபோனது. குற்றவாளிகளை விசாரிக்க ஒரு தனி நீதிமன்றம் வேண்டும் என்று. 11 நாடுகள் ஆதரவு, 3 நாடுகள் ஒதுங்கல். ரஷ்யா ஒரே கையைத் தூக்கித் தடுத்துவிட்டது. வீட்டோ. நெதர்லாந்து நீதிமன்றம் 2022 நவம்பரில் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அவர்கள் ஒருவரும் அங்கே ஆஜராகவே இல்லை.

இப்போது 2025 செப்டம்பர் 18-க்கு வாருங்கள். அதே மன்றம். காசாவில் போர் நிறுத்தம் கேட்டு 15 நாடுகளில் 14 கை தூக்கின. அமெரிக்கா தடுத்தது. அதே வீட்டோ. ரஷ்யாவின் கை நமக்கு வலித்தது என்றால் அமெரிக்காவின் கையும் வலிக்க வேண்டும். அமெரிக்காவின் கைக்குக் கொதிக்கிறவர்கள் ரஷ்யாவின் கைக்கும் கொதிக்க வேண்டும். இதில் மதம் எங்கே வருகிறது, இனம் எங்கே வருகிறது?

2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேரைக் கொன்றது கொலைதான். அதற்குப் பிறகு காசாவில், அங்குள்ள சுகாதார அமைச்சின் கணக்குப்படி, 60,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அதுவும் கொலைதான். ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்றை மென்று விழுங்குகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எங்கள் புலனக் குழுவில் ஒரு வகை, தோழியின் குழுவில் இன்னொரு வகை.

சரி, சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, வருகிறேன். நான் சொல்ல வந்ததே அதுதான்.

என் தாத்தாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. ஜப்பான்காரன் காலத்தில் வெள்ளைக்கார துரைகள் ஓடிவிட்டார்கள், தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அப்போது சயாமில் ரயில் பாதை போடும் வேலை, நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஆள் எடுத்தார்கள். முதலில் ஆசை காட்டினார்கள். அப்புறம் ஆள் போதவில்லை என்றதும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கே லோரி கொண்டுவந்து ஏற்றினார்கள். பெரிய தாத்தா அப்படித்தான் போனார். பாட்டியிடம் எத்தனை தடவை கேட்டாலும் இரண்டே வார்த்தை. "ரயில் ஏறுனாரு. அவ்வளவுதான்."

சின்ன தாத்தா அதே ஆண்டில் நேதாஜியின் படையில் சேர்ந்தார். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு தோட்டம் தோட்டமாகப் பிள்ளைகள் சேர்ந்த நேரம் அது. அதைப் பற்றி எங்கள் குடும்பத்துக்கு இன்றும் பெருமைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருவர் ஜப்பான்காரனுக்குப் பக்கத்தில் துப்பாக்கி தூக்கி நிற்கிறார். இன்னொருவரை அதே ஜப்பான்காரன் காட்டில் மண் சுமக்க வைத்துச் சாகடிக்கிறான். எங்கள் வீட்டில் சின்ன தாத்தாவின் சீருடைப் படம் சுவரில் இருந்தது. பெரிய தாத்தாவுக்குப் படமே கிடையாது.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை, 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். மழை, மலேரியா, காலரா. ஜப்பான்காரனிடம் சிக்கிய போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு செத்தார்கள். அவர்களுக்குத் தலை எண்ணிப் பதிவு செய்தவர் இல்லை. அதனால்தான் எந்த இரண்டு புத்தகத்தைத் திறந்தாலும் இரண்டு தொகை இருக்கும்.

2018-ல் ஒரு சுற்றுலாப் பேருந்தில், அந்தப் பாதை ஓடிய காஞ்சனபுரிக்குப் போனேன். அங்கே போர்க்கைதிகளின் மயானம் இருக்கிறது, ஏறக்குறைய 7,000 கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, அவ்வளவு சுத்தம். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது. 22, 24, 31. அந்தப் பையன்களுக்காகவும் நான் அங்கே அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் பெரிய தாத்தாவின் பெயரை எங்கே போய்த் தேடுவது? பெயர் போட்ட ஒரு தமிழ்க் கல்லைக்கூட அன்று நான் பார்க்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். அந்தப் போர் யாருடையது? டோக்கியோவுக்கும் லண்டனுக்கும் நடந்த சண்டை. செத்தது சுங்கை சிப்புட் லயத்து மனிதன். அன்று எங்கோ ஒரு நாட்டில் ஒரு ஆள் பத்திரிகையைப் பார்த்து, அந்தப் பாதை போட்டவன் சாகட்டும், நமக்கென்ன என்று சிரித்திருந்தால் அவனை நாம் என்னவென்று சொல்வோம்?

போர் முடிந்த மூன்றாவது ஆண்டு எங்கள் ஊருக்கே அடுத்தது வந்தது. 1948 ஜூன் 16 காலையில், எங்கள் ஊர் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுடப்பட்டார்கள். அதிலிருந்து அவசரகாலம், 1960 ஜூலை 31 வரை. கம்யூனிசத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் உலகம் முழுக்க நடந்த பனிப்போர் எங்கள் லயத்தில் முள்வேலியாக வந்து நின்றது. அரிசி அளந்து கொடுத்தார்கள். டின் மீனைக் கடையிலேயே துளை போட்டுத்தான் விற்க வேண்டும், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குப் போய்ச் சேரக்கூடாது என்று. கடைக்காரியான எனக்கு அது ஒன்றைக் கேட்டாலே அந்தக் காலம் புரிந்துவிடுகிறது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள், பெரும்பாலும் சீனர்கள், வீடு வாசலை விட்டுப் புதுக்கிராமங்களுக்குப் போனார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பெரியவர்கள் அவர் பெயரை மெல்லிய குரலில்தான் சொல்வார்கள். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதும் அப்படித்தான்.

இன்றைக்கு எங்கோ நடக்கிற போர் கடையின் அலமாரிக்கு வருகிறது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய அடுத்த மாதம் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டியது. உக்ரைனின் சூரியகாந்தி எண்ணெய் கப்பல் ஏறவில்லை, அதனால். தோட்ட முதலாளிக்கு லாபம்தான். ஆனால் நாலு ஏக்கர் வைத்திருக்கிற சிறுதோட்டக்காரர் உரம் வாங்க வந்து விலையைக் கேட்டுவிட்டு மூட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். ரஷ்யா, பெலாரஸ் பக்கமிருந்து வரும் பொட்டாஷ் அது. கோழித் தீனி விலை ஏறி, அந்த ஜூன் 1 முதல் அரசாங்கம் கோழி ஏற்றுமதியையே நிறுத்த வேண்டி வந்தது. என் கடையில் 2 வெள்ளி 50 காசு பாக்கெட் எண்ணெய்க்குச் சண்டையே நடந்தது.

தென்சீனக் கடலும் அப்படித்தான். 2021 மே 31 அன்று 16 சீன ராணுவ விமானங்கள் சரவாக் கடற்கரைக்குப் பக்கத்தில் வந்து போயின. அந்தக் கடலுக்கடியில் இருக்கும் எரிவாயுவில்தான் நாட்டின் வருமானத்தில் ஒரு பங்கு வருகிறது. தம்பி மோட்டாருக்கு மானிய விலையில் பெட்ரோல் ஊற்றுகிறானே, அந்த மானியத்துக்கும் காசு வேண்டும் அல்லவா.

இதெல்லாம் பெரிய நாடுகளின் விளையாட்டு, நம்மால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குத் தாய்லாந்து, கம்போடியாவைச் சொல்வேன். சண்டை எதற்கு? எல்லையில் இருக்கும் பழைய கெமர் கோயில்களுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள நிலத்துக்கும். அதில் பெயர்பெற்ற பிரேயா விஹார் சிவன் கோயிலாகக் கட்டப்பட்டது. 1962-லேயே அனைத்துலக நீதிமன்றம் அதைக் கம்போடியாவுக்குக் கொடுத்துவிட்டது. ஆனாலும் பகை அடங்கவில்லை. 2025 ஜூலை 24 அன்று வெடித்த சண்டையில் ஐந்தே நாளில் டஜன் கணக்கில் செத்தார்கள், மூன்று லட்சம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். தாய்லாந்தில் கூலி வேலை பார்த்த கம்போடியர்கள் லட்சக்கணக்கில் மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டினார்கள். அந்தப் படங்களில் இடுப்பில் பிள்ளையும் தலையில் அரிசிப் பானையுமாகப் போன பெண்ணைப் பார்த்தபோது எனக்கு எங்கள் லயம்தான் தெரிந்தது.

ஜூலை 28 அன்று புத்ராஜெயாவில் கம்போடியப் பிரதமரையும் தாய்லாந்தின் இடைக்காலப் பிரதமரையும் உட்கார வைத்துப் போர் நிறுத்தம் செய்தது நம் நாடு. அக்டோபரில் கோலாலம்பூரில் உடன்பாடும் ஆனது. டிசம்பரில் மறுபடி அடித்துக்கொண்டார்கள், மாதக் கடைசியில் மறுபடி நிறுத்தினார்கள். எங்கள் குழுவில் அதைக் கேலி செய்தார்கள், நாலு மாதச் சமாதானம் என்று. எனக்கு அது கேலியாகப் படவில்லை. அந்த நாலு மாதத்தில் எல்லையோரப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள், அறுவடைக்கு ஆள் போயிருக்கும். 1943-ல் நமக்கு ஒரு வாரம் அப்படி யாராவது வாங்கிக் கொடுத்திருந்தால் ஒரு லோரி ஆட்களாவது தப்பித்திருப்பார்கள்.

அதே மலேசியாதான் 2009-ல் அந்தக் கையைத் தூக்கியது. இரண்டும் நம் நாடு செய்தவைதான். சமாதானம் செய்ததைப் பாராட்டுகிறேன், அந்தக் கையைத் தூக்கியதை மறக்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன்.

தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் என் கடைக்கு வந்து வணக்கம் வைப்பார்கள். சாக்கடை, சாலை விளக்கு, தமிழ்ப்பள்ளிக் கூரை எல்லாம் கேட்போம், கேட்கத்தான் வேண்டும். இந்தத் தடவை நான் இன்னொன்றும் கேட்கப்போகிறேன். ஜெனீவாவில் இலங்கை பற்றி அடுத்த வாக்கெடுப்பு வந்தால், காசாவுக்குப் பேசும் அதே வாயால் நம் நாடு என்ன பேசும்? அதை நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்பீர்களா, மாட்டீர்களா?

தம்பியையும் அன்று கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவன் கேள்விதான் அது, அவனே பக்கத்தில் நின்று கேட்கட்டும்.