எதிரே வருகிறவர் கண்ணைக் காக்கும் ஹெட்லைட் எல்லா வண்டிக்கும் வேண்டும்

போன மாதம் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் துறையூரிலிருந்து நாமக்கல் வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த கார்க்காரர் ஹை பீமை இறக்கவே இல்லை. இரண்டு முறை டிம் அடித்துக் காட்டியும் பலனில்லை. அவர் கடந்து போனதும் கண்ணுக்குள் பச்சையாக ஒரு வட்டம், ரோடே தெரியவில்லை. நல்லவேளை, வேகத்தைக் குறைத்திருந்தேன். இருபதடி தூரத்தில் பால் கேனின் அலுமினிய மூடி மட்டும் மின்னியது. சைக்கிளில் ஒரு பெரியவர். பிரேக்கை மிதித்து நின்ற பிறகும் கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கண் தெளிய மூன்று நொடி ஆனால்கூட, 60 கி.மீ. வேகத்தில் அதற்குள் 50 மீட்டர் போய்விடுவோம். கூசின கண்ணோடு 50 மீட்டர்!

அடுத்த வாரமே சித்தப்பா மகனின் புதுக் காரில் ராத்திரிப் பயணம். மேட்ரிக்ஸ் ஹெட்லைட் வைத்த வண்டி. ஹை பீம் எரிந்தபடியேதான் போனோம். எதிரே லாரி வந்தபோது, அது இருக்கும் இடத்தில் மட்டும் வெளிச்சம் விலகிக்கொண்டது. லாரி நெருங்க நெருங்க அந்த இருட்டும் கூடவே நகர்ந்தது. இந்தப் பக்கம் புளியமரங்களில் அடித்திருந்த கறுப்பு வெள்ளைப் பட்டை ஒன்றுகூட மறையவில்லை. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா எதிர் வண்டியின் விளக்கைக் கண்டுகொள்கிறது, அந்தத் திசைக்கான எல்இடிகள் மட்டும் அணைகின்றன. அவ்வளவுதான் விஷயம்.

ரோட்டுக்கு ஏற்ப விளக்கு தானே மாறிக்கொள்வது நேற்று வந்த யோசனையும் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கூடவே திரும்பும் விளக்கை 1967லேயே சிட்ரோயன் டிஎஸ் காரில் வைத்துவிட்டார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ராத்திரி ஏறியவர்களுக்கு அதன் அருமை புரியும். நாம் போகவேண்டிய ரோடு இருட்டில் கிடக்கும், விளக்கு பள்ளத்தாக்கைப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கும். 2013இல் ஆடி ஏ8 மேட்ரிக்ஸ் எல்இடியோடு வந்தது, ஒரு விளக்குக்கு 25 எல்இடி. அமெரிக்காவே 2022இல்தான் இந்த வகை விளக்குக்கு அனுமதி கொடுத்தது.

ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். லைட் இல்லாமல் வரும் சைக்கிள்காரரைக் கேமரா எளிதில் கண்டுகொள்ளாது. அவர் கண்ணில் முழு வெளிச்சமும் அடிக்கும். ஆனாலும் ஓட்டுகிறவருக்கு அவர் தெரிவார், அந்தப் பால்காரர் மாதிரி இருட்டில் கரைந்துபோக மாட்டார்.

எனக்கு ஆதங்கம் எல்லாம், இது இன்னும் விலையுயர்ந்த வண்டிகளின் வசதியாகவே இருப்பதுதான். ஏர்பேக் என்றால் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு, காசு கொடுப்பார். இங்கே காசு ஒருவருடையது, கூசாமல் தப்பிக்கிற கண் இன்னொருவருடையது. வாங்குகிறவர் விருப்பத்துக்கு விட்டால் எந்தக் காலத்திலும் சின்ன வண்டிகளுக்கு வராது. 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை 2019இல் கட்டாயமாக்கினார்களே, அதே மாதிரி சட்டம் வரட்டும். முதலில் ராத்திரி முழுக்க ஓடுகிற பஸ்ஸுக்கும் லாரிக்கும் வரட்டும். ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடும் காலத்தைத் தாண்டி வந்துவிட்டோம். கடையில் வாங்கி மாட்டுகிற வெள்ளை எல்இடிக்கு அந்த ஸ்டிக்கரெல்லாம் போதாது.

சரி, சட்டம் வரும்வரை ஒன்று செய்யலாம். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஹெட்லைட் வெளிச்சத்தைக் கீழே இறக்க 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னத் திருகு சக்கரம் பல கார்களில் இருக்கும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய மூட்டை என்றால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், டிம் லைட்டும் எதிராளி கண்ணுக்கு ஏறிவிடும். அப்போது அதை 2க்கோ 3க்கோ திருப்பி வையுங்கள்.